பழைய கேரவனோடு ஒரு வார இறுதி: புதிதாக இறங்குவோருக்கு

ஐம்பது அறுபது வருடப் பழைய கேரவன் ஒன்றை, அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள இழுவை வண்டியை, காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் வீடு திரும்புவது. சமாச்சாரம் இவ்வளவுதான். வசதி என்று பார்த்தால் சுமாரான விடுதி அறை கூட இதைவிட மேல். ஆனாலும் இதற்குள் இறங்கியவர்கள் லேசில் வெளியே வருவதில்லை. பித்தளை விளக்கைப் பம்ப் அடித்து ஏற்றுவது, மேசைப் பலகையை இறக்கிக் கட்டிலாக்குவது, கித்தான் பந்தலை இழுத்துக் கட்டுவது என்று கைவேலையிலேயே பாதி வார இறுதி போய்விடும். அந்தப் பாதிதான் யாருக்கு இனிக்கிறதோ அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அழகாக இருப்பதெல்லாம் பழசாகவே இருக்கட்டும். உயிர் எதை நம்பி இருக்கிறதோ அதெல்லாம் புதுசாக இருக்கட்டும். திரைச்சீலை, அலமாரிக் கைப்பிடி, எனாமல் கோப்பை, மடக்கு நாற்காலி எல்லாம் எந்தக் காலத்தியதாகவும் இருக்கலாம். டயர், பிரேக், கேஸ் குழாய், வயர் இவற்றில் பழமை பாராட்ட வேண்டியதில்லை.

எதைத் தேடுவது?

உல்லாசத்துக்காகவே கட்டிய முதல் கேரவனாகப் பலரும் சொல்வது 1885இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் செய்த 'வாண்டரர்'. கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் செய்யச் சொன்னது. இரண்டு குதிரைகள் இழுத்தன. கார் வந்த பிறகு, 1919இல் பர்மிங்காமில் எக்கிள்ஸ் நிறுவனம் இந்தத் தொழிலில் இறங்கியது. ஜெர்மனியில் சாட்டை தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ், ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போகும்போது தன் வருங்கால மனைவியையும் கூட்டிப்போக வசதியாக 1931இல் ஒரு வண்டி கட்டினார். அந்தம்மா ஓவியர், படம் வரைய அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் 1936இல் வாலி பயமின் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர், விமான உடம்பு போல ரிவெட் அடித்த அலுமினியத்தோடு வந்தது.

இவ்வளவு பழசை யாரும் முதல் வண்டியாக வாங்கப் போவதில்லை. நடைமுறையில் கையில் கிடைப்பவை 1950களிலிருந்து 1970கள் வரை செய்தவை. இதிலும் உடம்பு எதனால் ஆனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை மரச்சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியவை: பார்ப்பதற்கு உலோகம், உள்ளே மரம். எரிபா என்ற வகை மாதிரி சிலவற்றில் எஃகுக் குழாய்ச் சட்டம். கூரையைத் தூக்கிக்கொள்ளலாம், இறக்கினால் காற்றுத் தடை குறையும். ஃபைபர் கிளாஸில் முட்டை வடிவத்தில் வார்த்த சின்ன வண்டிகளும் உண்டு. இவற்றில் ஒட்டுகள் குறைவு. ஆகவே தண்ணீர் நுழையும் இடமும் குறைவு. முதல் வண்டிக்கு என் ஓட்டு இந்த முட்டைக்குத்தான். ஆனால் மனசு மரச்சட்டத்து வண்டியில் விழுந்துவிட்டால் யார் சொல்லியும் கேட்கப் போவதில்லை. அதனால் அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன்.

ஓதம் பார்ப்பது

பழைய கேரவனைக் கொல்வது துரு கூட அல்ல, ஓதம். கூரையும் சுவரும் சேரும் விளிம்பிலோ, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய ஒட்டிலோ பசை காய்ந்து வெடித்திருக்கும். அந்த மயிரிழை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி மரச்சட்டத்தில் உட்காரும். வெளியே தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் இத்துப்போய்க்கொண்டிருக்கும்.

வெயில் நாளில் வண்டி பார்க்கப் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் போங்கள். கதவைத் திறந்ததும் முதலில் மூக்குக்கு வேலை. பூசண வாடை இருந்தால், எவ்வளவு நறுமணம் தெளித்திருந்தாலும் அது அடியில் எட்டிப் பார்க்கும். அடுத்து மெத்தைகளைத் தூக்கி, பெட்டிக்குள் தலையை விட்டு, மூலைகளில் டார்ச் அடியுங்கள். வெளிச்சத்தைச் சுவருக்கு நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால், பலகை உப்பியிருப்பது அலை அலையாகத் தெரியும். கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பலகை எதிர்த்து நிற்கும். ஓதம் ஏறியது, நனைந்த அட்டை மாதிரி அமுங்கும். ஜன்னலுக்குக் கீழே இரு மூலைகள், முன்பக்க அலமாரியின் கூரை, சக்கரத்தின் மேல் பெட்டி, கதவுப் படிக்குப் பக்கத்துத் தரை: இந்த ஐந்து இடத்தையும் விடவே கூடாது. தரையில் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். பஞ்சு போல இறங்கினால் அடியில் பலகை பிரிந்துவிட்டது.

ஈரப்பத மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 15க்கும் 20க்கும் நடுவே என்றால் கசிவு எங்கே என்று தேட வேண்டும். 20ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும். உள்ளே புதிதாகப் பெயின்ட் அடித்து, 'உட்புறம் முழுக்கப் புதுப்பித்தது' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தப் பெயின்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவர்களிடம் படம் இல்லாமல் இருக்காது. அவர்களே மணிக்கணக்கில் காட்டுவார்கள்.

இன்னொரு விஷயம். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் கெட்டியான தகடு பதித்திருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தீத்தடுப்புக்கு அதைத்தான் வைத்தார்கள். அறுப்பதோ துளையிடுவதோ உப்புத்தாள் போடுவதோ வேண்டாம். தெரிந்த ஆளிடம் காட்டும்வரை அப்படியே இருக்கட்டும்.

காரும் எடையும்

கேரவனை வாங்கிவிட்டுக் காரைப் பற்றி யோசிப்பது தலைகீழ். காரின் கையேட்டில் அது எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று போட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம், ஹிட்ச் (காரையும் கேரவனையும் பூட்டும் இணைப்பு) மேல் செங்குத்தாக எவ்வளவு எடை இறங்கலாம் என்பது தனிக் கணக்கு. இரண்டும் முக்கியம். முழுசாகச் சாமான் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. சட்டம் இல்லை, ஆனால் நல்ல அளவுகோல். உரிமம், வேக வரம்பு, இழுவைக் கண்ணாடி இவற்றுக்கெல்லாம் நாட்டுக்கு நாடு விதி வேறு. உங்கள் ஊர் விதியை வண்டி வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

பழைய வண்டியில் எடைத் தகடு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பழைய விளம்பரத் தாளில் இருக்கும் எண்ணை நம்பாமல், ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றி லாரி எடை மேடையில் ஒருமுறை நிறுத்திவிடுங்கள். மரம் குடித்த தண்ணீரும் நாற்பது வருடத்தில் யார் யாரோ பொருத்திய அலமாரிகளும் அந்தத் தாளில் இருக்காது.

சாலையில் இறங்கும் முன்

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற இடம் இதுதான். வண்டிக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு டயருக்குக் கணக்குப் பார்ப்பார்கள். கேரவன் டயர் தேய்ந்து போவதில்லை. நின்று நின்றே கெட்டுப்போகும். தரையைத் தொடும் பூ (வரிப்பள்ளம்) நன்றாகவே இருக்கும், பக்கச் சுவரில் ரப்பர் வெடித்திருக்கும். பக்கத்தில் DOT (டாட்) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் செய்த தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தையது, மறுபேச்சில்லாமல் கழற்றிப் போடுங்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும் ஐந்து வயதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஏழு வயதை எட்டினால் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். எந்தச் சுமைக்கான டயர் என்பதையும் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். வண்டியின் உதிரிச் சக்கரமும் ஜாக்கியும் காரில் இருப்பதோடு பொருந்தாது, தனியாக வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றும்போதே பிரேக் டிரம்மையும் பார்த்துவிடலாம். பல வருடம் நின்ற வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், பேரிங் கிரீஸ் மெழுகாகியிருக்கும். கேரவன் பிரேக் பெரும்பாலும் காரை முட்டும் விசையால் தானாகப் பிடிக்கும் வகை. இதில் பழைய வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு: ரிவர்ஸ் எடுத்தாலும் வண்டி காரை முட்டுகிறதல்லவா, உடனே பிரேக் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸுக்கு முன் இறங்கிப் போய் ஹிட்ச் பக்கத்தில் உள்ள ஒரு நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். இது தெரியாமல் கிளட்ச்சைக் கருக்கியவர்கள் உண்டு.

விளக்குகள். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் பல்பைச் சந்தேகிக்காதீர்கள். எர்த் வயர் துருப்பிடித்த இரும்பில் மாட்டியிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரொம்பப் பழைய வண்டியில் துணி சுற்றிய வயர் இருந்தால் தயங்காமல் முழுக்க மாற்றுங்கள். பழைய விளக்குக் கூட்டுக்குள் எல்இடி பல்பு வைத்தால் தோற்றமும் கெடாது, பேட்டரியும் தீராது.

கேஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரெகுலேட்டரும் ரப்பர் ஹோஸும் புதுசாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் செப்புக் குழாயைத் தகுதியுள்ள கேஸ் மெக்கானிக் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பலகைக்குப் பின்னால் ஓடும் குழாய்க்கு அது எட்டாது. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். தரையில் ஓட்டை இருக்கிறதே, பூச்சி வருகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள், கசிந்த கேஸ் வெளியேற வைத்த வழி அது. குளிர்காலத்தில் போவதாக இருந்தால் புரோபேன் சிலிண்டர் வாங்குங்கள். பூட்டேன் சுமார் பூஜ்ஜியம் டிகிரியிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம், புகை அலாரம், தீப்போர்வை, கதவுக்குப் பக்கத்தில் தீயணைப்பான் இந்த நான்கும் எவ்வளவு சின்ன வண்டியிலும் இருக்க வேண்டும். அலாரத்தின் வெள்ளைப் பிளாஸ்டிக் அழகைக் கெடுக்கிறது என்று எடுத்து அலமாரியில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அலமாரிக்குள் இருந்து அது யாரை எழுப்பும்?

சாமான் ஏற்றுவதும் ஓட்டுவதும்

கனமானது எல்லாம் தரையில், சக்கர அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ. லேசானது மேல் அலமாரியில். வாலில் எதையும் திணிக்காதீர்கள். வார்ப்பிரும்புச் சட்டியும் தண்ணீர்க் கேனும் பின்மூலைக்குப் போனால், வண்டி வேகமெடுத்ததும் வாலை ஆட்டத் தொடங்கும். ஹிட்ச் மேல் இறங்கும் எடை, ஏற்றிய கேரவனின் எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பது ஐரோப்பியக் கணக்கு. வட அமெரிக்க வண்டிகளுக்கு 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். உங்கள் வண்டி எந்த மரபில் செய்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் காரும் ஹிட்ச்சும் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது.

ஓடும்போது வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தால் கை கால் பதறும். பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகமெடுத்து நேராக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தால் வேகம் குறையக் குறைய அடங்கிவிடும். அடங்கியதும் ஓரம் கட்டிச் சாமானை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் மறுபடி வரும்.

ரிவர்ஸுக்கு ஒரு சுலபமான வழி. ஸ்டியரிங்கை அடிப்பக்கத்தில், கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் பிடியுங்கள். கேரவனின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கோணம் கூடிவிட்டது என்று தோன்றியதுமே முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி வாருங்கள். காலியான மைதானம் ஒன்றில் ஒரு காலைப் பொழுது பழகிவிட்டால், முகாமில் பத்துப் பேர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும்போது கை நடுங்காது. வேடிக்கை பார்ப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

விளக்கு, ஸ்டவ், கித்தான்

பழைய முகாம் சாமானை வாங்குவதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை செய்ய வேண்டும், அல்லது வேலை செய்ய வைக்க உதிரிபாகம் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லாதது அலங்காரப் பொருள். சின்னக் கேரவனில் அலங்காரத்துக்கு இடம் கிடையாது.

இதில் ராஜா பம்ப் ஸ்டவ்தான். 1892இல் ஸ்வீடனின் லிண்ட்க்விஸ்ட் வடிவமைத்த பிரைமஸ் புகைக்கரி படியாமல் எரிந்தது. அதன் வாரிசுகள் இன்றும் தூசி தட்டினால் எரியும். பழகாதவர்களுக்கு முதலில் பயமாக இருக்கும், ஆனால் முறை எளிது. திறந்த வெளியில், சமதரையில் வையுங்கள். டேங்கில் முக்கால் பங்குக்கு மேல் மண்ணெண்ணெய் வேண்டாம். காற்றுத் திருகைத் திறந்து வைத்துவிட்டு, பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவையுங்கள். நீலச் சுடர் பர்னரைச் சூடாக்கும். அது முழுதாக எரிந்து தீரும் தறுவாயில் திருகை மூடி, நான்கைந்து முறை மெதுவாகப் பம்ப் அடியுங்கள். சூடு சரியாக ஏறியிருந்தால் 'ஸ்ஸ்' என்று சீறி நீல வளையம் பிடிக்கும். மஞ்சளாக உயரே எழும்பினால் பர்னர் இன்னும் சூடாகவில்லை, மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது. பதறாமல் திருகைத் திறந்துவிட்டால் அடங்கும். முழுக்க ஆறட்டும், அப்புறம் முதலிலிருந்து. சூடான பர்னர் மேல் ஸ்பிரிட்டை மறுபடி ஊற்றவே கூடாது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து எரிந்தால் நாசிலில் அடைப்பு, ஸ்டவ் பின் போட்டுக் குத்த வேண்டும். பம்ப் அடித்தால் எதிர்ப்பே தெரியவில்லையா? உள்ளே லெதர் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெயில் ஊறப்போட்டு விளிம்பை விரலால் விரித்து மாட்டினால் உயிர் வந்துவிடும். பழைய ஸ்டவ்களில் இது கிட்டத்தட்ட சம்பிரதாயமான முதல் வேலை.

பம்ப் ஸ்டவ் பயமுறுத்தினால் டிராங்கியாவின் ஸ்பிரிட் அடுப்பு இருக்கிறது. 1951இலிருந்து வருகிறது, காற்று மறைப்பும் சட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும், நகரும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. சமையல் கொஞ்சம் மெதுவாகத்தான் ஆகும். ஒரே எச்சரிக்கை: பகலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் விபரீதம்.

பெட்ரோமாக்ஸ் வகை விளக்கும் இதே தத்துவம்தான். மேண்டில் (சுடரில் வெளிச்சம் தரும் வலைத் துணிப் பை) கட்டும்போது சுருக்கங்கள் சுற்றிலும் சமமாக வரட்டும். முதல்முறை எரிந்து வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் மூச்சுப் பட்டாலே உதிரும். அதனால் பயணத்துக்கு முன் கட்டாமல் போய்ச் சேர்ந்ததும் கட்டுங்கள், உபரியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய மேண்டில்களில் தோரியம் இருக்கும், லேசான கதிரியக்கம் உள்ளது. பழைய சரக்கு பெட்டியோடு கிடைத்தாலும் தொட வேண்டாம்; இப்போது யிட்ரியம் போட்டுச் செய்வதையே வாங்குங்கள். முக்கியமாக, எரியும் விளக்கையோ ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கேரவனுக்கு உள்ளேயும் மூடிய பந்தலுக்குள்ளேயும் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளே படிக்க எல்இடி போதும்.

கித்தான் பந்தல் புதுசோ, பல வருடம் மடித்தே கிடந்ததோ, முதல் பயணத்துக்கு முன் வீட்டில் விரித்து ஹோஸால் நனைத்து அப்படியே காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் துளைகளை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது தடவையிலிருந்து சொட்டாது. மழையில் உள்பக்கத்தைத் தொட்டால் தொட்ட இடத்தில் தண்ணீர் இறங்கும், சின்னப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். ராத்திரி படுக்கப் போகும் முன் இழுகயிறுகளை ஒரு விரல்கடை தளர்த்துங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எனாமல் பாத்திரம் விளிம்பில் பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. உள்பக்கம் பெயர்ந்திருந்தால் சமைக்க வேண்டாம், செடி வையுங்கள். எஃகு வெற்றிடக் குடுவை 1913இலிருந்தே உண்டு, கண்ணாடி உள்ள பழைய ஃபிளாஸ்க்கைவிடச் சாலைக் குலுக்கலுக்கு அதுதான் லாயக்கு. பழைய கேஸ் பிரிட்ஜோடு மல்லுக்கட்ட வேண்டாம். அது வண்டி மட்டமாக நின்றால்தான் குளிரும், இரண்டு இரவுக்கு ஐஸ் பெட்டி போதும். சின்னத் துண்டுகளைவிடப் பெரிய ஐஸ் கட்டி வெகுநேரம் தாங்கும். மெத்தை நுரை பொடியாக உதிர்ந்தால் உறையை வைத்துக்கொண்டு நுரையை மாற்றுங்கள், தீத்தடுப்பு உள்ளதாக.

முதல் வார இறுதி

பக்கத்திலேயே போங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வீடு திரும்ப முடிகிற இடம், கழிப்பறையும் குடிதண்ணீரும் உள்ள முகாம், இரண்டே இரவு. வண்டியை முழுக்கப் புதுப்பித்த பிறகு போகலாம் என்று வைத்தால் அந்த நாள் வராது. டயர், பிரேக், விளக்கு, கேஸ் சரியாக இருந்து, கூரை ஒழுகாமல் இருந்தால் கிளம்பிவிடலாம். இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்தால்தான் எந்த அலமாரியைப் பெயர்க்கலாம், எந்த விளக்கு தப்பான இடத்தில் இருக்கிறது என்பது தெரியும். சரியாகத் தெரியாமல் பெயர்த்த பழைய மரவேலை திரும்பக் கிடைக்காது.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இருட்டில் முதல்முறையாக ஹிட்ச் கழற்றிப் பார்த்தால் அர்த்தம் புரியும். இடம் தேர்ந்தெடுக்கும்போது மரத்தடி நிழல் கூப்பிடும். கிளை விழும் பயம் ஒருபுறம். பிசினும் பறவை எச்சமும் பழைய பெயின்டைக் கெடுத்துவிடும், மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் கூரையில் சொட்டும். பள்ளத்தில் நிறுத்தாதீர்கள். கதவு காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

நிறுத்திய பிறகு வரிசை மாறக் கூடாது. முதலில், காரோடு பூட்டியிருக்கும்போதே, பக்கவாட்டு மட்டம்: தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குப் பலகை போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். அடுத்து ஹேண்ட்பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அதற்குப் பிறகுதான் வயர், பாதுகாப்புச் சங்கிலி, ஹிட்ச் கழற்றுவது. காரை நகர்த்தியதும் முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம் பாருங்கள். கடைசியாக நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். அவை வண்டி ஆடாமல் இருக்க மட்டுமே. அவற்றை ஜாக்கி மாதிரி வைத்து வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு அதற்கப்புறம் மூடவே மூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு பந்தல், அப்புறம் ஸ்டவ். முதல் நாள் இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே செய்து எடுத்துப் போங்கள், சூடு பண்ணினால் போதும் என்கிற மாதிரி. சனிக்கிழமைக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். பழைய கேரவன் நிற்கும் இடத்துக்கு ஆட்கள் தானாக வருவார்கள். 'எங்க தாத்தாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்தது' என்று ஆரம்பிப்பார்கள். கெட்டிலில் கூடுதலாக இரண்டு பேருக்குத் தண்ணீர் வையுங்கள். அவர்களில் ஒருவருக்காவது உங்கள் ஜன்னல் கொக்கிக்கு உதிரி எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கும்.

ஞாயிறு கிளம்பும்போது சிலிண்டரை மூடி, கூரைத் திறப்பையும் ஜன்னல்களையும் பூட்டி, மூலைக் கால்களைத் தூக்கி, ஹிட்ச் மாட்டியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: சின்னச் சக்கரத்தால் ஹிட்ச்சை மேலே தூக்கப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. சின்னச் சக்கரத்தை முழுக்கத் தூக்கி இறுக்கி, துண்டிப்புக் கயிறையோ (ஹிட்ச் கழன்றால் கேரவனின் பிரேக்கை இழுப்பது) சங்கிலியையோ மாட்டி, ஒருவர் பின்னால் நின்று விளக்குகளைப் பார்க்கட்டும். கடைசியாக வண்டியை ஒரு சுற்று நடந்து வாருங்கள். கதவுப் படி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

வீடு திரும்பியதும் சோர்வாக இருந்தாலும் ஈரக் கித்தானை அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். பூசணம் ஓரிரு நாளிலேயே புள்ளி போட ஆரம்பித்துவிடும், போட்ட புள்ளி போகாது. கொடியிலோ மாடியிலோ அன்றைக்கே விரியுங்கள். ஸ்டவ், விளக்கு டேங்குகளின் அழுத்தத்தைத் திறந்துவிட்டு மண்ணெண்ணெயை வடியுங்கள். தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து வையுங்கள். மெத்தைகளைச் சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி, அலமாரிக் கதவுகளை எல்லாம் திறந்து வைத்தால் உள்ளே காற்று ஓடும். ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டுக் கட்டை போட்டே நிறுத்துங்கள். அப்போதுதான் அடுத்த முறை பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்காது. போர்வை போடுவதானால் மூச்சு விடும் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். உள்ளே வியர்த்து, மழை செய்யாத வேலையை அது செய்துவிடும்.